மண்ணரிப்பும் கடலரிப்பும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இரண்டு வகையான விண்ணப்பங்கள் அரசாங்க அலுவலகங்களுக்கு வரத் தொடங்குவது வழக்கம். மேட்டுநிலக் கிராமங்களிலிருந்து வருபவை, வரப்பு உடைந்து மேல்மண் அடித்துச் செல்லப்பட்டது என்று கூறும். கடலோரக் கிராமங்களிலிருந்து வருபவை, கரை அறுந்து வீட்டு வாசல்வரை அலை வந்துவிட்டது என்று கூறும். முன்னவை ஒரு துறைக்கும் பின்னவை வேறொரு துறைக்கும் அனுப்பப்படுகின்றன. ஆயினும் இரண்டிலும் கோரப்படும் பரிகாரம் பெரும்பாலும் ஒன்றே: குறுக்கே ஒரு சுவர் எழுப்பித் தர வேண்டும் என்பது. அந்தச் சுவர் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது, எங்கே அடுத்த ஊருக்குத் தீங்காக முடியும் என்பதைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் அவசியம். ஆசிரியர்களும் இதனை அறிந்திருந்தால், பிற்காலத்தில் இத்தகைய விண்ணப்பங்களை எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே விஷயத்தை விளக்கலாம்.

மழைத்துளியின் வேலை

மண்ணரிப்பு என்றதும் கலங்கி ஓடும் காட்டாறே நம் மனத்தில் தோன்றுகிறது. ஆனால் அரிப்பு தொடங்குவது ஆற்றில் அன்று. வானத்திலிருந்து விழும் துளியில். பெருமழையின் துளி ஐந்து மில்லிமீட்டர் அளவு பருமனுடையதாக, வினாடிக்குச் சுமார் ஒன்பது மீட்டர் வேகத்தில் நிலத்தை அடைகிறது. மூடாக்கு ஏதுமற்ற மண்ணில் அது விழும்போது, மண்கட்டி சிதறித் துகள்கள் அரை மீட்டருக்கு மேலும் எழும்பி, ஒன்றரை மீட்டர் தூரம்வரை தெறித்து விழுகின்றன. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து, மேற்பரப்பை மெழுகியதுபோல் ஆக்கிவிடுகின்றன. அதன்பின் நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடுகிறது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் வந்து சேரும் நீரின் எடை பத்து டன். ஐம்பது மில்லிமீட்டர் மழையில் பாதி ஓடினாலும் 250 டன் நீர் சரிவில் இறங்குகிறது.

ஓடும் நீரின் வேகந்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடையோ அறுபத்துநான்கு மடங்காகிறது. ஆகவேதான் சரிவின் நீளம் அதிகமாக அதிகமாகச் சேதமும் பெருகுகிறது. முதலில் நிலம் முழுவதும் மெல்லிய ஏடுபோல் மண் உரிகிறது. இதனைப் பரப்பு அரிப்பு என்பர். உழவர் இதைக் கவனிப்பதில்லை. கற்கள் மேலே தெரியத் தொடங்கியபின், 'நிலத்தில் கல் வளர்கிறது' என்பார்கள். அடுத்து விரல் அகலச் சிற்றோடைகள் தோன்றுகின்றன. இவற்றை ஓர் உழவிலேயே அழித்துவிடலாம். அழிக்காமல் விட்டால் அவை கூடி, கலப்பை தாண்ட முடியாத பள்ளங்களாகின்றன. சம்பல், யமுனை, மாஹி முதலிய ஆறுகளின் கரைகளில் சுமார் 40 இலட்சம் ஹெக்டேர் நிலம் இவ்விதமே முகடும் மடுவுமாகிப் பயிருக்கு உதவாமற் போயிற்று.

1983-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 533 கோடி டன் மண் இடம் பெயர்கிறது. ஹெக்டேருக்குச் சராசரி 16.4 டன். பரப்பி வைத்தால் இது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான கனம் ஆகும். சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஓர் அங்குல மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் செல்கின்றன. போவதோ எருவும் சத்தும் தங்கியுள்ள மேல் ஏடு.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு மரப்பெட்டிகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒரு பக்கம் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். ஒன்றின் மேல் வைக்கோலைப் பரப்பி, மற்றதை வெறுமையாக விட வேண்டும். இரண்டின்மேலும் ஒரே உயரத்திலிருந்து பூவாளியால் சம அளவு நீரை ஊற்றி, வடியும் நீரைக் கண்ணாடிப் புட்டிகளில் பிடித்துக் காட்டினால், பாடத்தின் பாதி முடிந்துவிடும். வெறும் மண்ணிலிருந்து வரும் நீர் விரைவாகவும் அதிகமாகவும் கலங்கலாகவும் வரும். வைக்கோல் பரப்பிய பெட்டியிலிருந்து தாமதித்து, தெளிந்து வரும். இங்கே நீரின் குறுக்கே எந்தச் சுவரும் வைக்கப்படவில்லை என்பதை மாணவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டும்.

வரப்பும் புல்லும்

நிலத்தில் செய்யத்தக்க காரியங்களுள் முதலாவது, சரிவுக்குக் குறுக்கே உழுவதும் விதைப்பதும். இதற்குச் செலவே இல்லை. இரண்டாவது, சமமட்டக் கோட்டை ஒட்டி வரப்பிடுதல். இக்கோட்டைக் கண்ணளவால் குறிப்பது ஆபத்து. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரம்பிய குழாய்மட்டமே போதிய துல்லியம் தரும். ஓரிடத்தில் வரப்பு தாழ்ந்திருந்தால் எல்லா நீரும் அங்கே கூடி உடைக்கும். வரப்பே இல்லாதிருந்தால் விளைந்திருக்கக் கூடிய சேதத்தைவிட அது பெரிதாகும்.

எல்லா மண்ணுக்கும் சமமட்ட வரப்பு ஏற்றதன்று. ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டருக்குக் குறைந்த, நீர் எளிதில் இறங்கும் செம்மண் நிலங்களுக்கே அது பொருந்தும். ஆழமான கரிசலில் அவ்வாறு வரப்பிட்டால் நீர் தேங்கிப் பயிர் அழுகுவதோடு, கோடையில் மண் வெடிப்பதால் வரப்பும் பிளந்து முதல் மழையிலேயே உடைகிறது. தக்காணத்தின் கரிசற் பகுதிகளில் பெருஞ்செலவில் எழுப்பிய வரப்புகள் பல இவ்வாறு வீணாயின. அங்கே வரப்புக்குச் சிறிது வாட்டம் கொடுத்து, மிகுதி நீரைப் புல் வளர்ந்த வடிகாலுக்கு மெல்ல இட்டுச் செல்வதே முறை. அவ்வடிகாலில் புல் வேரூன்றிய பிறகே நீரைத் திருப்ப வேண்டும். வேலையை விரைவாக முடித்துக் கணக்குக் காட்டும் ஆவலில் இந்த ஒரு பருவம் காத்திருக்க மறந்துவிடுகிறோம்.

புல்லை வரப்பின் துணை என்று கருதுவதைவிட, வரப்பாகவே கருதலாம். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் நூறாண்டுக்கும் மேலாக வெட்டிவேரைத் தங்கள் நிலங்களின் ஓரங்களில் வரிசையாக நட்டு வந்திருக்கின்றனர். 1980-களில் உலக வங்கியின் வேளாண் நிபுணர்கள் இதைக் கவனித்துப் பல நாடுகளுக்குப் பரப்பினர். இதன் வேர் பக்கவாட்டில் படராமல் செங்குத்தாக இரண்டு மூன்று மீட்டர் இறங்குவதால் பயிருக்குப் போட்டியில்லை. நெருங்கிய தூர் நீரைத் தடுப்பதில்லை. சல்லடைபோல் வடிகட்டி விடுகிறது. வண்டல் மேற்புறம் தங்கித் தானே படியாகிறது. வேருக்காகத் தோண்டி விற்கப்படும் இடங்களில் மட்டும் இது காவலாகாது. தோண்டிய குழியே அரிப்புக்கு வாசலாகும்.

பள்ளம் விழுந்துவிட்ட நிலத்தில் வேலையை அடியிலிருந்து தொடங்குவது பொதுவான தவறு. பள்ளம் வளர்வது அதன் தலைப்பில். ஆகவே தலைப்புக்கு மேலே நீரை மறித்துத் திருப்பிய பின்னரே, உள்ளே சிறு தடுப்பணைகளைக் கட்ட வேண்டும். ஒரு பெரிய அணையைவிட, கீழணையின் உச்சி மேலணையின் அடிமட்டத்தைத் தொடும்படி அமைந்த பல சிறிய அணைகளே நிலைக்கும்.

சுகோமாஜ்ரியின் அனுபவம்

சண்டிகார் நகரை அமைத்தபோது, சிவாலிக் குன்றுகளிலிருந்து வரும் சுக்னா ஓடையை மறித்து 1958-இல் ஓர் ஏரி உண்டாக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது வண்டலால் தூர்ந்து போகத் தொடங்கிற்று. ஏரியைத் தூர்வாரிக் கொண்டேயிருப்பதில் பயனில்லை என்று கண்ட மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சண்டிகார் மையத்தினர், பி. ஆர். மிஸ்ராவின் தலைமையில், வண்டல் எங்கிருந்து வருகிறதென்று ஓடை வழியே மேலே சென்று தேடினர். அது சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரை ஒட்டிய மொட்டைக் குன்றுகளிலிருந்து வந்து கொண்டிருந்தது.

குன்றுகளில் ஆடு மேய்க்கக் கூடாதென்று ஆணையிடுவது எளிது. பஞ்சாபில் இத்தகைய ஓடைகளைக் கருதி 1900-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டதுண்டு. ஆனால் மழையை நம்பிய பயிர் பொய்த்துப் போகும் ஊரில் ஆட்டைத் தவிர மக்களுக்கு வேறு பிழைப்பில்லை. 1976-இல் ஒரு சிறு மண் அணை கட்டி அதன் நீரை வயலுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நிலைமை மாறியது. குன்றில் மேய்ப்பதை நிறுத்தினால் அணை தூராது. அணை தூராவிட்டால் வயலுக்கு நீர் உண்டு. இக்கணக்கு எல்லாருக்கும் விளங்கிற்று. ஆனால் நிலமில்லாதவருக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்வி எழுந்தது. நிலம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமின்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்று முடிவாயிற்று. நிலமில்லாதவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். அதன்பின் ஊராரே காவல் காத்தனர். வேலி போடவில்லை, காவலாளியும் நியமிக்கவில்லை. குன்றில் பாப்பர் என்னும் கயிற்றுப் புல் செழித்தது. ஆடுகள் குறைந்து, கொட்டிலில் தீனியிட்டு வளர்க்கும் எருமைகள் பெருகின. ஏரிக்கு வரும் வண்டலும் வெகுவாகக் குறைந்தது.

இதைச் சற்று விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. எங்கே சேதம் தெரிகிறதோ அங்கே காரணம் இருப்பதில்லை என்பதை இவ்வூர் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கடற்கரைக்கும் இது பொருந்தும். அங்கே தூரம் மட்டும் இன்னும் அதிகம்.

ஆறு கொடுக்கும் மணல்

மேற்சொன்ன மதிப்பீட்டில், இடம் பெயரும் மண்ணில் 61 சதவீதம் நிலத்திலேயே வேறிடத்தில் தங்குகிறது. 10 சதவீதம் நீர்த்தேக்கங்களில் படிகிறது. 29 சதவீதம் கடலை அடைகிறது. கடலை அடைவதெல்லாம் நட்டமா என்று மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. வயலின் மேல்மண் பெரும்பாலும் களியும் நுண்வண்டலும் ஆகையால், அது கலங்கலாக ஆழ்கடலுக்குப் போய்விடுகிறது. ஆற்றின் அடியில் உருண்டு வரும் பரு மணலோ கழிமுகத்தில் இறங்கி, அலைகளால் கரையோரமாகப் பரப்பப்படுகிறது. நாம் காணும் கடற்கரை என்பது பெரும்பகுதி இந்த மணலே. ஆகவே வயலில் மண்ணைக் காத்தால் கடற்கரை பட்டினி கிடக்கும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. அதைப் பட்டினி போடுபவை வேறு. பெரிய அணைகளின் பின்னே மணல் தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே எஞ்சியதைக் கட்டட வேலைக்காக அள்ளி விடுகிறோம். மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகியவை கடலுக்குக் கொண்டு சேர்க்கும் வண்டல் முன்னாளில் இருந்ததைவிட மிகவும் குறைந்துவிட்டது.

1990 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இந்தியப் பெருநிலக் கரையை ஆராய்ந்தது. அதன் முடிவுப்படி கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது, 26.9 சதவீதம் வளர்ந்திருக்கிறது. எஞ்சியது பெரிதும் மாறவில்லை. அரிக்கும் கரையும் வளரும் கரையும் ஏறத்தாழ அடுத்தடுத்து இருப்பதைக் கவனித்தால், கடல் மணலை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பது புலனாகும்.

கரையோர மணல் ஓட்டம்

அலைகள் கரைக்கு நேராக வருவது அரிது. சற்றுச் சாய்ந்தே வருகின்றன. சாய்ந்து ஏறும் அலை மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ நேராகக் கீழே இறங்குகிறது. இப்படி ஒவ்வோர் அலையிலும் ஒரு மணல் ஓரடி நகர்ந்தால், ஓர் ஆண்டில் ஒரு கரையோரமாக ஓடும் மணலாறே உண்டாகிறது. நம் கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. வடக்கே போவதே அதிகம். ஒடிசாக் கரையில் இவ்வாறு நிகரமாக வடக்கே செல்லும் மணல் ஆண்டுக்குச் சுமார் பத்து இலட்சம் கன மீட்டர். உலகிலேயே மிகப் பெரிய ஓட்டங்களுள் ஒன்று இது.

இவ்வோட்டத்தின் குறுக்கே ஒரு துறைமுகச் சுவர் நீண்டால் என்ன நிகழும் என்பதற்கு நம் நாட்டில் மிகப் பழைய சான்று சென்னை. 1876-ஆம் ஆண்டை ஒட்டித் துறைமுக வேலை தொடங்கியபின் சுவரின் தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றது. மெரினாக் கடற்கரை அப்படி வளர்ந்தது. வடக்கே இராயபுரம் முதலிய பகுதிகளில் மணல் வரத்து நின்று கரை உட்புறம் நகர்ந்தது. ஒரே சுவர் ஓர் ஊருக்கு உலாவும் இடத்தைக் கொடுத்தது. மற்றோர் ஊரின் வீடுகளை எடுத்துக்கொண்டது.

விசாகப்பட்டினத்தில் 1933-இல் துறைமுகம் திறக்கப்பட்டபோது இவ்விஷயம் முன்கூட்டியே சிந்திக்கப்பட்டிருந்தது. ஜானஸ், வெல்லெட்சன் என்னும் இரண்டு பழைய கப்பல்களைக் கற்களால் நிரப்பி மூழ்கடித்து, அவற்றையே அலைதடுப்பாக அமைத்தனர். தெற்கிலிருந்து வரும் மணல் அதன் மறைவில் தங்கும். தூர்வாரும் கப்பல் அதை அள்ளும். அள்ளிய மணலை வடக்குக் கரைக்கு அனுப்பி நகரின் கடற்கரையைப் பேணும் முறை அங்கே வெகுகாலமாக அனுசரிக்கப்பட்டு வந்திருக்கிறது. மணலை எடுத்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே இதன் தத்துவம். தூர்வாரிய மணலை ஆழ்கடலில் கொட்டினால் துறைமுகத்துக்குச் செலவு குறையலாம். கரைக்கு அது திரும்பாத கடன்.

சுவரும் தூண்டில் வளைவும்

கரையைக் காக்கக் கட்டப்படும் அமைப்புகள் மூவகை. கரைக்கு இணையாக நிலத்தோடு ஒட்டிக் கட்டுவது கடற்சுவர். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டுவது தூண்டில் வளைவு. (இதற்குப் புதிதாக ஒரு சொல்லை ஆக்குவதைவிட, தமிழ்நாட்டு மீனவ ஊர்களில் வழங்கும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வது நலம், உருவத்தை அப்படியே காட்டுகிறது.) கடலுக்குள் கரையை விட்டுத் தள்ளி அமைப்பது அலைதடுப்பு.

கடற்சுவர் தனக்குப் பின்னுள்ள நிலத்தைக் காக்கும். முன்னுள்ள மணலைக் காக்காது. இதை விண்ணப்பதாரர்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். சாய்வான மணற்பரப்பில் ஏறும் அலை, சிறிது சிறிதாகத் தன் ஆற்றலை இழக்கிறது. சுவரில் மோதும் அலையோ முழு வேகத்துடன் திரும்பி, அடியிலுள்ள மணலைத் தோண்டுகிறது. நாளடைவில் முன்புறம் ஆழமாகி, இன்னும் பெரிய அலை சுவரை நெருங்குகிறது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் போய்விடுகிறது. சுவரின் முனையில், அடுத்த ஊர் தொடங்கும் இடத்தில், அரிப்பு இரட்டிப்பாகிறது. அவர்களும் சுவர் கேட்கிறார்கள்.

கேரளத்தில் நிகழ்ந்தது இதுவே. 590 கிலோமீட்டர் அளவுள்ள அம்மாநிலக் கரையில் பாதிக்குக் குறையாத நீளத்துக்குக் கற்சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் பல பகுதிகள் சரிவதும், மேலும் கல் கொட்டுவதும் நடந்து வந்திருக்கின்றன. கல் தரக்குறைவானது என்பது எப்போதும் காரணமன்று. பெருங்கற்களுக்கு அடியில் படிப்படியாகச் சிறுகல், சரளை என்ற வடிகட்டி அடுக்கு இடாவிட்டால், கற்களின் இடைவெளி வழியே மணல் உறிஞ்சப்பட்டுக் கல் தன் எடையாலேயே புதைந்துவிடும். சுவரின் அடி, மணல் இறங்கக்கூடிய ஆழத்துக்கும் கீழே போகாவிட்டாலும் இதே முடிவுதான். மழைக்காலத்தின் நடுவே அவசரத்தில் லாரியிலிருந்து கொட்டப்படும் கல்லுக்கு வடிகட்டியும் இல்லை, அடியும் இல்லை. கொச்சிக்கு அருகில் செல்லானத்தில் நாற்காலுடைய கான்கிரீட் கட்டிகளை அடுக்கி, 7 கிலோமீட்டருக்குமேல் முறையான சுவர் எழுப்பப்பட்டபின் அவ்வூருக்குள் கடல் ஏறுவது நின்றது. ஆயினும் மக்கள் நெருங்கி வாழ்ந்து, பின்வாங்க இடமில்லாத ஊருக்குரிய பரிகாரம் அது, செலவும் அதற்கேற்றது.

அதே கேரளக் கரையில் இயற்கை செய்யும் ஒரு விந்தையையும் இங்கே குறிப்பிடலாம். ஆலப்புழை, புறக்காடு ஆகிய இடங்களை ஒட்டி, பருவமழைக் காலத்தில் கடலடிச் சேறு கிளர்ந்து குழம்பாகி ஒரு சேற்றுத்திட்டு உண்டாகிறது. பெரிய அலைகள் அதைக் கடக்கும்போது அடங்கிவிடுகின்றன. வேறெங்கும் கடல் கொந்தளிக்கையில் அங்கே மீனவர் படகு இறக்குவர். அலையை முறிக்கச் சுவர் தேவையில்லை, அதன் ஆற்றலை வழியிலேயே செலவழிக்கச் செய்தால் போதும் என்பதற்கு இது இயற்கைச் சான்று.

இத்தத்துவத்தையே புதுச்சேரியில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கே 1989-இல் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் முடிந்தபின், நகரின் முன்னிருந்த மணற்கரை மறைந்து, கற்சுவர் மட்டும் எஞ்சியது. சுவர் வடக்கே நீள நீள, அரிப்பும் வடக்கே இருந்த மீனவ ஊர்களுக்கு நகர்ந்தது. 2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி நீருக்குள் மூழ்கிய ஒரு செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டு, மணலும் கொட்டப்பட்டது. அலை அதன்மேல் முறிந்து தளர்வதால் பின்னால் மணல் தங்கத் தொடங்கிற்று. சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நகரத்தார் மீண்டும் மணலில் நடந்தனர். ஆனால் அது கரையின் ஒரு பகுதிக்கே உதவியது என்பதையும் சொல்ல வேண்டும்.

தூண்டில் வளைவு மணலோட்டத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கிறது. வரிசையாக, குட்டையாக, கீழோட்டத் திசை நோக்கி நீளம் குறைந்து செல்லும்படி அமைத்து, இடையிடையே மணலையும் நிரப்பிக் கொடுத்தால் நன்மையுண்டு. தனியாக ஒன்றை நீளமாகக் கட்டுவது ஒரு சிறு துறைமுகச் சுவர் கட்டுவதற்குச் சமம்.

தாவரக் காவல்

மணல்மேடு கடற்கரையின் சேமிப்பு. புயலில் கடல் அதிலிருந்து மணலை எடுத்து முன்னே பரப்பி, அலையைத் தளர்த்துகிறது. அமைதியான மாதங்களில் காற்று அதைத் திரும்ப மேட்டில் சேர்க்கிறது. மேட்டைச் சமப்படுத்திச் சாலை போட்ட ஊரில் இச்சேமிப்பு இல்லை. மணலைப் பிணிப்பதற்கு அடும்பும் இராவணன் மீசையும் முதலில் வருபவை. உப்புக் காற்றையும் புதைமணலையும் தாங்கிப் படர்கின்றன. பின்னர்த் தாழையும் பனையும் நிற்கலாம். மேடு அழிந்த இடத்தில், காற்றுக்குக் குறுக்கே குச்சிகளையும் ஓலைகளையும் வரிசையாக ஊன்றினால் ஒரு பருவத்தில் மணல் சேரும். இதே முறைதான் இராஜஸ்தான் மணற்குன்றுகளிலும் கையாளப்படுகிறது. ஜோத்பூரில் 1952-இல் தொடங்கிய பாலைவனக் காடுவளர்ப்பு நிலையம் அதற்கு அடிகோலிற்று. சவுக்குத் தோப்பு காற்றைத் தடுக்கும், விறகும் தரும். ஆனால் நீர்விளிம்புவரை நெருக்கி நட்டால் அதன் நிழலிலும் சருகிலும் அடும்பு அழியும். ஆமைகள் முட்டையிடவும் இடமிராது. மேட்டுக்குப் பின்னே நடுவதே தக்கது.

சேறு படியும் கழிமுகங்களில் அலையாத்திக் காடே சிறந்த அரண். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின், கேந்திரபாடா மாவட்டத்தில் சில நூறு கிராமங்களை ஆராய்ந்தபோது, கடலுக்கும் தமக்குமிடையே அகன்ற அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் உயிர்ச்சேதம் குறைவாக இருந்தது கண்டறியப்பட்டது. அதே மாவட்டத்தில் காடில்லாத மணற்கரையில் இருந்த சதபாயாவின் கதை வேறு. ஏழு ஊர்களின் கூட்டமாக இருந்த அதில் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. எஞ்சிய 500-க்கும் மேற்பட்ட குடும்பங்களை அரசு உள்நாட்டில் பகபாட்டியா என்னுமிடத்தில் குடியேற்றியது. 2018-இல் ஊர்த்தெய்வமான பஞ்சுபாராஹியின் சிலைகளும் அங்கே கொண்டு செல்லப்பட்டன. எல்லாக் கரைகளையும் காக்க முடியும் என்று வாக்களிப்பது தவறு. காக்க முடியாத இடத்தில், வீடு நீரில் நிற்கும்வரை காத்திராமல், மனையும் பிழைப்பும் சேர்த்து மாற்றிடம் கொடுப்பதும் பாதுகாப்பு முறைகளுள் ஒன்றே.

அளவெடுத்தல்

கரை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலையில் கடல் எடுக்கும் மணல் சற்றுத் தொலைவில் திட்டாகக் கிடந்து, செப்டம்பருக்குப் பின் பெரும்பாலும் திரும்பி வருகிறது. ஜூலையில் பார்ப்பவர் கரை அழிந்தது என்பார். ஜனவரியில் பார்ப்பவர் கரை வளர்ந்தது என்பார். இருவரும் பார்த்தது உண்மை. இருவர் முடிவும் தவறு. ஜனவரிக்கு ஜனவரி ஒப்பிட்டால்தான் கரையின் போக்குத் தெரியும்.

கடலோரப் பள்ளி ஒவ்வொன்றும் இதைச் செய்யலாம். கோயில் மதில், பழைய கிணறு போன்ற நகராத ஓர் அடையாளத்தில் வண்ணக்குறி இட்டு, அங்கிருந்து ஒரே திசையில், உயர்நீர் விட்டுச் சென்ற சருகுக்கோடு வரையுள்ள தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை, பௌர்ணமிக்கு மறுநாள் என்று நாளை நிலையாக வைத்துக்கொண்டால் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு கணக்கைக் குழப்பாது. அதே இடத்தில் நின்று ஒரு புகைப்படமும் எடுத்து வைக்கலாம். மேட்டுநிலப் பள்ளிகள் வரப்போரத்தில் அளவு குறித்த முளைகளை அடித்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண் ஏறியதா இறங்கியதா என்று பார்க்கலாம். குறிப்பேட்டில் தேதி, அளவு, அளந்தவர் வகுப்பு, அன்றைய காற்றின் திசை ஆகியவை இருந்தால் போதும். மூன்று பருவமழைகளைக் கண்ட குறிப்பேடு கையில் இருந்தால், சுவர் கேட்டு விண்ணப்பம் வரும்போது அதனுடன் இணைத்து அனுப்பலாம். பரிசீலிக்கும் பொறியாளர் முதலில் கேட்கும் தகவல் அதுவே. பெரும்பாலான விண்ணப்பங்களில் அதுதான் இருப்பதில்லை.